நகச்சொத்தைக்குப் பூசும் மருந்து: முதலில் பரிசோதனை, பிறகு ஓராண்டுப் பொறுமை

கால் பெருவிரல் நகம் ஓரத்தில் லேசாக மஞ்சளாகும். கொஞ்ச நாளில் தடிக்கும், அடியில் மாவு மாதிரி உதிரும். வலி இருக்காது. அதனால் யாரும் பெரிசா எடுத்துக்கறதில்லை. ஆறு மாதம் போன பிறகு பக்கத்து மருந்துக்கடையில் "நகச்சொத்தைக்கு ஏதாச்சும் குடுங்கண்ணா" என்று கேட்டு ஒரு டியூப் வாங்குவோம். மூணு வாரம் பூசுவோம். மாற்றம் எதுவும் தெரியாது. டியூபை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, "இது போகாதுங்க, அப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கதை நடந்திருக்கலாம். நகச்சொத்தை தீராத வியாதி கிடையாது. ஆனால் மருந்து தோற்றுப்போவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, அது பூஞ்சைதானா என்று பார்க்காமலே மருந்து போடுவது. இரண்டு, நகம் வளரும் வேகம் தெரியாமல் பாதியில் நிறுத்துவது. இந்த இரண்டையும் சரி செய்தால் காசும் மிச்சம், காலும் பத்திரம்.

நகத்துக்குள் நடப்பது என்ன?

நகச்சொத்தையைப் பெரும்பாலும் உண்டாக்குவது டிரைகோஃபைட்டன் என்ற பூஞ்சை வகை. நகமும், தோலின் மேல்படலமும், முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. இந்தப் பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும், தோலில் வரும் படர்தாமரையும் இதே குடும்பத்துப் பூஞ்சைகளின் வேலைதான். அதனால்தான் சேற்றுப்புண்ணை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அது மெல்ல நகத்துக்கும் ஏறுகிறது.

கைவிரல் நகத்தில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் வரும். இது அதிகம் தொடுவது எந்நேரமும் ஈரத்தில் கை வைத்து வேலை செய்பவர்களை. திருப்பூர் சாயப்பட்டறைத் தொழிலாளர்கள், ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர்கள், கிரைண்டரில் மாவு அரைத்து விற்கும் பெண்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வருவார்கள். நாள் முழுக்கப் பாதுகாப்பு ஷூ போட்டு வேலை பார்க்கும் கோவை ஃபவுண்டரித் தொழிலாளிக்குக் காலில் வியர்வை தேங்கும். காளிங்கராயன், கீழ்பவானிப் பாசனத்தில் வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் விவசாயிக்குக் கால் காயவே நேரம் இருக்காது. இப்படி ஈரமும் வெப்பமும் சேரும் இடம்தான் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நகச்சுற்று வேறு, நகச்சொத்தை வேறு. நகத்தைச் சுற்றியுள்ள சதை திடீரென்று வீங்கி, சிவந்து, விண் விண் என்று தெறிப்பது நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தை விரலில் சொருகுவார்களே, அது இதற்குத்தான். பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது, சீழ் பிடித்தால் மருத்துவர் கீறிவிட வேண்டியிருக்கும். நகச்சொத்தையோ மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்வது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

மஞ்சள் நகமெல்லாம் பூஞ்சை அல்ல

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். வடிவம் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதி வேறு காரணங்கள். சொரியாசிஸ் நகத்தில் குழி குழியாக விழும், தடிக்கும். இறுக்கமான ஷூ தினமும் இடித்தால் நகம் பிளந்து நிறம் மாறும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்களுக்குப் பெருவிரல் நகம் கறுத்துப்போவது பெரும்பாலும் நகத்தடியில் கட்டிய ரத்தம். அது நகத்தோடு சேர்ந்து வளர்ந்து தானாக வெளியேறிவிடும். இவற்றுக்கெல்லாம் பூஞ்சை மருந்து பூசினால் ஓராண்டு போனாலும் ஒரு மாற்றமும் இருக்காது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அடிபடாமலே ஒரே ஒரு நகத்தில் புதிதாகப் பழுப்பு அல்லது கறுப்புக் கோடு தோன்றி அது அகலமாகிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம். அரிதாக அது தோல் புற்றுநோயாக இருக்கலாம். உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்போ பூஞ்சைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கே.ஓ.எச். பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. எளிமையானது. நகத்தில் சிறு துண்டை வெட்டி, அடியில் உதிரும் மாவையும் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் இருந்தால் தெரிந்துவிடும். எந்த வகைப் பூஞ்சை என்று அறிய வேண்டுமானால் கல்ச்சர் வைப்பார்கள். அதன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும்.

பரிசோதனைக்குப் போகும்போது நெயில் பாலிஷ், மருதாணி வேண்டாம். நிறம் தெரியாது. ஏற்கெனவே ஏதாவது பூசியிருந்தால், என்ன பூசினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பூசிய மருந்தின் மிச்சம் இருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். முடிந்தால் அந்த டியூபையே எடுத்துப் போங்கள், அல்லது அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீம் ஏன் வேலை செய்வதில்லை?

படர்தாமரைக்கு வாங்கிய கிரீமை நகத்திலும் தேய்ப்பவர்கள் நிறைய. தோல் மெல்லியது, கிரீம் உள்ளே போகும். நகம் கெட்டியான கெரட்டின் தட்டு. பூஞ்சை இருப்பதோ அந்தத் தட்டுக்கு அடியில், நகப்படுக்கையில். மேலே தேய்த்த கிரீம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே துடைபட்டுப் போகும்.

இதற்காகவே வந்தவைதான் நகப்பூச்சு மருந்துகள். பார்ப்பதற்கு நெயில் பாலிஷ் போலவே இருக்கும். பூசியதும் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிவிடும். மருந்து மட்டும் அடர்த்தியான படலமாக நகத்தின் மேல் தங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மூலப்பெயரைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், மூலப்பெயர் மாறாது.

அமோரோல்ஃபின் 5 சதவீதம்: பூஞ்சையின் செல் சவ்வைக் கட்டிக் காப்பது எர்கோஸ்டெரால் என்ற பொருள். அது உருவாவதை இந்த மருந்து தடுக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, சில நேரம் இரண்டு முறை பூசச் சொல்வார்கள்.

சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம்: பூஞ்சைக்குத் தேவையான இரும்பு போன்ற தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுகிறது. இதைத் தினமும் பூச வேண்டும்.

எஃபினகோனசோல் 10 சதவீதம், டவபோரோல் 5 சதவீதம் ஆகியவை புதியவை. இரண்டும் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை பூச்சாகப் படியாத திரவ மருந்துகள்.

எவ்வளவு நம்பலாம்?

இதைச் சொல்லாமல் விட்டால் பாதியில் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அமெரிக்க அனுமதிக்காக நடந்த ஆய்வுகளில் 48 வாரம் சைக்ளோபிராக்ஸ் பூசியவர்களில், நகம் முழுசாகத் தெளிந்து, பரிசோதனையிலும் பூஞ்சை இல்லை என்று வந்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 6 முதல் 9 பேர்தான். எஃபினகோனசோலில் அது ஓராண்டு முடிவில் 15 முதல் 18 பேர். வாய்வழி மாத்திரையான டெர்பினஃபினை 12 வாரம் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 38 பேர்.

கேட்டால் குறைவாகத் தோன்றும். ஆனால் இது கறாரான அளவுகோல். பாதி நகம் தெளிந்தவர்களும், நிறம் மாறித் தடிப்பு குறைந்தவர்களும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இந்த எண்ணிக்கை சொல்லும் செய்தி வேறு. பூச்சு மருந்து எல்லோருக்கும் ஏற்றதல்ல, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கே அதிகம் உதவும்.

பொதுவாக, நகத்தில் பாதிக்கும் குறைவான பகுதியில் பூஞ்சை இருந்து, நகம் முளைக்கும் வேர்ப்பகுதிக்குப் போகாமல் இருந்து, மூன்று நான்கு நகங்களுக்கு மேல் பரவாமல் இருந்தால் பூச்சு மட்டும் போதும் என்று மருத்துவர் தீர்மானிக்கலாம். கல்லீரல் கோளாறு போன்ற காரணங்களால் மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கும் பூச்சுதான் வழி. அதைத் தாண்டிப் பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படும், அல்லது இரண்டும் சேர்த்துத் தருவார்கள்.

"அப்போ நேரா மாத்திரையே வாங்கிக்கலாமுங்களே?" என்று தோன்றும். வேண்டாம். டெர்பினஃபின் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதனால் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இட்ரகோனசோல் இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஆகாது, சில கொழுப்பு மாத்திரைகளோடும் சேராது. பி.பி., சர்க்கரை, கொழுப்பு என்று நீங்கள் எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பூச்சு, மாத்திரை எதையும் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

நகத்தின் கணக்கு

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதிதான், 1.5 மில்லிமீட்டர். பெருவிரல் நகம் 18 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், வேரிலிருந்து நுனி வரை புது நகம் வந்துசேர 12 மாதம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடும்.

மருந்து பூஞ்சையைக் கொல்லலாம், ஆனால் கெட்டுப்போன நகத்தை நல்ல நகமாக மாற்றாது. அடியிலிருந்து நல்ல நகம் முளைத்துப் பழசைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் அது மருந்தின் குற்றம் இல்லை. அந்த மூன்று வாரத்தில் நகம் வளர்ந்ததே ஒரு மில்லிமீட்டர்தான்! கை நகத்துக்கு 6 மாதம், கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம் என்பது சாதாரணம்.

இதற்கு உங்கள் போன் நல்ல துணை. மருந்து தொடங்கும் நாளில் நகத்தைப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் ஒரு படம். நகத்தின் அடிப்பகுதியில் தெளிவான புது நகம் தெரிய ஆரம்பித்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஐந்தாறு மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தும் தெளிவு தெரியவில்லையா? படங்களோடு மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்ய அதுவே பெரிய ஆதாரம். வாரம் ஒரு முறை பூசுபவர்கள் ஞாயிறு காலை ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரப் பூச்சு மறந்துபோவது ரொம்ப சுலபம்.

பூசும் முறை

1. நகத்தை வெட்டி, தடித்த மேற்பரப்பை அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். மருந்து இறங்க இதுதான் வழி. அந்த அரத்தை நல்ல நகத்திலோ, வீட்டில் மற்றவர்களோ பயன்படுத்தக் கூடாது.

2. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துப் பழைய பூச்சை எடுத்துவிடுங்கள். அமோரோல்ஃபினுக்கு ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்ய வேண்டும். சைக்ளோபிராக்ஸை முந்தைய நாள் பூச்சின் மேலேயே பூசலாம். ஏழு நாளுக்கு ஒரு முறை துடைத்தால் போதும்.

3. நகம் முழுக்க மெல்லிய பூச்சாகப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். சைக்ளோபிராக்ஸைப் படுக்கப் போகும்போது பூசுவது நல்லது. அடுத்த 8 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

4. இந்த மருந்துகள் தீப்பற்றக்கூடியவை. அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துப் பூசாதீர்கள்.

5. லேத், மோட்டார் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் கவனிக்கவும். தின்னர், பெட்ரோல் தொட்டுக் கை கழுவினால் கைநகத்தில் பூசிய மருந்தும் கரைந்துபோகும். அந்த வேலையின்போது ரசாயனம் ஊடுருவாத கையுறை போடுங்கள்.

6. பூசிய இடத்தைச் சுற்றி எரிச்சல், சிவப்பு, கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

'கலப்பு' டியூப் வேண்டாம்

பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்த கிரீம்கள் கடைகளில் உண்டு. பூசினால் ஒரே நாளில் அரிப்பு அடங்கும். அதனால் 'நல்ல மருந்து' என்று பெயர் வாங்கிவிடும். உண்மையில் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் விதிக்குள் கொண்டுவந்தது.

இது சின்ன விஷயமல்ல. டெர்பினஃபினுக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சை வகை இந்தியாவில் பரவி, 2020-இல் அதற்கு டிரைகோஃபைட்டன் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். இது முக்கியமாகத் தோலைத் தாக்குவது. ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தவறாகப் பயன்படுத்தியது இந்தப் பரவலுக்கு ஒரு காரணமாக மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் காத்திருக்காதீர்கள்

மற்றவர்களுக்கு நகச்சொத்தை பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிக்கு அப்படியில்லை. தடித்த நகம் ஷூவுக்குள் விரலை அழுத்திப் புண்ணாக்கும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அது தெரியவே தெரியாது. அந்தப் புண் வழியாகக் கிருமி ஏறினால் விரலுக்கே ஆபத்து. அதனால் பிளேடால் நகத்தைச் சீவாதீர்கள், ஆசிட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளரிடம் காலையும் காட்டுங்கள். எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்.

எங்கே போவது? போனில் என்ன செய்யலாம்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். தோல் நோய்ப் பிரிவும் ஆய்வக வசதியும் தேவைப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கோவையில் திருச்சி சாலை, ஈரோடு மாவட்டத்துக்குப் பெருந்துறை, அதோடு திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம்.

104: வீட்டிலிருந்தே மருத்துவ ஆலோசனை கேட்க அழைக்க வேண்டிய எண்.

இ-சஞ்சீவனி செயலி: மருத்துவரோடு வீடியோவில் இலவசமாகப் பேசலாம். நீங்கள் எடுத்து வைத்த நகப் படங்களைக் காட்டலாம். ஆனால் நகத் துண்டைப் பரிசோதிக்க நேரில்தான் போக வேண்டும்.

ஆபா எண்: இருந்தால், வசதியுள்ள மருத்துவமனைகளில் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ஓ.பி. பதிவு செய்யலாம். வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

பார்மா சாஹி தாம் செயலி: மூலப்பெயரைத் தேடினால் ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனியில் என்ன விலை என்று தெரியும். ஓராண்டு பூச வேண்டிய மருந்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

முதல்வர் மருந்தகம்: 2025 பிப்ரவரி 24-இல் மாநிலம் முழுக்க 1,000 இடங்களில் திறக்கப்பட்டது. மருத்துவர் சீட்டோடு போய், மூலப்பெயரைச் சொல்லி, அந்த மருந்து அங்கே குறைந்த விலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். மக்கள் மருந்தகங்களிலும் கேட்கலாம்.

1800-180-3024: மருந்தால் பக்க விளைவு வந்தால் தெரிவிக்கும் இலவச எண்.

எந்தக் கடையில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் அதில் இருக்கட்டும்.

திரும்ப வராமல் இருக்க

நகச்சொத்தை குணமான பிறகும் திரும்ப வரும் குணம் கொண்டது. சேற்றுப்புண் இருந்தால் அதையும் சேர்த்துக் குணப்படுத்துங்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும். குளித்ததும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். சாக்ஸ் தினமும் மாற்றுங்கள். இரண்டு ஜோடி ஷூ இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றை வெயிலில் காயவிடுங்கள். ஈர வேலை செய்பவர்கள் உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரட்டைக் கையுறை போடலாம். நகவெட்டி ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். பத்து இருபது ரூபாய் சமாச்சாரம்தான்.

இன்று இரவு படுக்கும் முன் ஒரு வேலை. வீட்டிலுள்ள பெரியவர்களின் கால் நகங்களை வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். அவர்கள் குனிந்து பார்க்க முடியாமல் விட்டிருப்பார்கள், வலி இல்லாததால் சொல்லியும் இருக்க மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஓ.பி. சீட்டு வாங்கும்போது அது உதவும்.